வெளிநாட்டில் முதல் பருவம்: இந்த ஊர் எப்போ பழகும்?

ஒவ்வொரு ஆகஸ்டிலும் நம்ம வாரக் கூட்டத்துக்குப் புது முகங்கள் வரும். திருச்சி, மதுரை, யாழ்ப்பாணம், ஈப்போ என்று ஊர் வேற வேறயா இருக்கும். கேள்வி மட்டும் ஒண்ணுதான்: "அண்ணா, இந்த ஊர் எப்போ பழகும்?" நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கிளமெண்டியில் ஒரு வீவக வீட்டில் மற்ற மாணவர்களோடு தங்கியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு பாடமாகவே பதில் எழுதலாம்னு தோணுச்சு. முதலில் இரண்டு பேருடைய வரலாறு, அடுத்து நாலு வேலைகள், கடைசியில் சேர்ந்து பேசக் கேள்விகள்.

1. நாராயண பிள்ளை, 1819

1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாவது முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது, அதே 'இந்தியானா' கப்பலில் பினாங்கிலிருந்து ஒரு தமிழர் வந்தார். அவர்தான் நாராயண பிள்ளை. அரசாங்கக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. அது நிலைக்கவில்லை. ஊரில் வீடு கட்ட ஆளும் பொருளும் தேவைப்படுவதைப் பார்த்தார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். பினாங்குக்குச் சொல்லி அனுப்பி கொத்தனார், தச்சர், துணி வியாபாரிகளை வரவழைத்தார். பிறகு துணிக்கடையும் வைத்தார். 1822இல் கடை தீப்பிடித்து எரிந்து கடனாளி ஆனார். மறுபடியும் எழுந்தார்.

1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் அத்தாப்புக் கூரையுமாக ஒரு சின்னக் கோயில் எழுந்தது. அதற்கு முன்னின்றவர் அவர். இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அதுதான். நமக்கு முக்கியமான விஷயம் இதுக்கு அப்புறம்தான் வருது. கப்பலை விட்டு இறங்கிய தமிழர்களுக்கு வேலையும் நிரந்தரத் தங்குமிடமும் கிடைக்கும் வரை அந்தக் கோயில் தங்க இடம் கொடுத்தது. இந்துத் திருமணங்களும் அங்கேதான் பதிவாகின. ஊருக்குப் புதுசா வந்தவன் முதல் ராத்திரி எங்கே படுப்பான், யாரிடம் வேலை கேட்பான் என்ற கேள்விகளுக்கு அந்த இடமே பதிலாக இருந்தது.

கிளமெண்டியிலிருந்து அங்கே போவது சுலபம். கிழக்கு மேற்குப் பாதையில் ஏழாவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். அங்கே வடகிழக்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே சைனாடவுன். புது மாணவர்கள் முதல் மாதத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்க. கோபுரத்தைப் பார்க்கும்போது, இது ஒரு காலத்தில் நம்மை மாதிரி வந்தவர்கள் பெட்டியை இறக்கி வைத்த இடம் என்பதையும் நினைச்சுக்குங்க.

2. ராமானுஜன், 1914

இரண்டாவது ஆளை எல்லாருக்கும் தெரியும். ஆனா அவரை நாம் கணித மேதையாக மட்டும் படிக்கிறோம். இன்றைக்கு ஒரு வெளிநாட்டு மாணவராகப் பார்ப்போம்.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறி, ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். வயது 26. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஹார்டியோடு வேலை. நாலு மாதத்தில் முதல் உலகப்போர் வந்துவிட்டது. அவர் கண்டிப்பான சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட மாட்டார், அறையிலேயே சமைப்பார். போர்க்காலத்தில் காய்கறி கிடைப்பதும் குறைந்தது. வேலையில் மூழ்கினால் சாப்பாட்டு நேரமும் தூக்க நேரமும் தலைகீழாகிவிடும்.

அவர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சின்னச் சம்பவம் உண்டு. அங்கே படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் (பின்னாளில் இந்தியாவின் பெரிய புள்ளியியலாளர்) ஒருநாள் ராமானுஜனின் அறைக்குப் போனார். குளிரில் தூங்க முடியவில்லை என்றார் ராமானுஜன். பார்த்தால், கட்டிலில் போர்வைகள் மெத்தைக்கு அடியில் செருகி ஒழுங்காக விரிக்கப்பட்டிருந்தன. அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்து மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டிருந்தார். எப்படி என்று மஹலனோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

யோசிச்சுப் பாருங்க. தீர்வு அவர் படுத்திருந்த கட்டிலிலேயே இருந்தது. காட்டிக் கொடுக்க ஒரு ஆள் அறைக்குள் வர வேண்டியிருந்தது.

ஊரிலிருந்தும் ஆறுதல் குறைவு. மனைவி ஜானகிக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் சரியாகப் போய்ச் சேரவில்லை. 1917இல் உடல்நலம் கெட்டது. மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாக இருந்தார். 1918 தொடக்கத்தில் உயிரையே விடத் துணியும் அளவுக்கு மனம் உடைந்தார். ஆங்கிலேயர்களின் பெரிய கௌரவமான ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி அவருக்குக் கிடைத்ததும் அதே 1918இல்தான். 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் காலமானார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "தனிமையால்தான் செத்தார்" என்று முடிவு கட்டக் கூடாது. அன்றைக்குக் காசநோய் என்றார்கள், பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்று என்கிறார்கள். ஆனா ஒரு விஷயம் உறுதி: வெளியே சாதனை ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஆள் சரிந்துகொண்டிருக்க முடியும். மார்க் நல்லா இருக்கு, அதனால அவன் நல்லா இருக்கான்னு நாம நினைக்கிறோம் பாருங்க, அது தப்புக் கணக்கு.

3. நாலு வேலைகள்

இந்த இரண்டு வரலாற்றையும் பக்கத்தில் வைத்தால், ஊர் தானாகப் பழகாது என்பது தெரியும். சில வேலைகளை வேண்டுமென்றே செய்தால்தான் பழகும்.

*முதல் வேலை: சாப்பாட்டுக்கு ஒரு ஏற்பாடு.* பசி நேரத்தில் யோசிக்கக் கூடாது, முன்னாடியே முடிவு பண்ணிடணும். கிளமெண்டியில் உணவங்காடிகளுக்குக் குறைவில்லை. சைவம் சாப்பிடுறவங்க ஒண்ணு கவனிங்க: "காய்கறிதான்" என்று சொல்லும் தட்டிலும் சிப்பிச் சாறு (ஆய்ஸ்டர் சாஸ்) இருக்கலாம், சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கலாம். கேட்டுட்டு வாங்குங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது இங்கே சட்டம். ரயிலில் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கவும் கூடாது. வாரம் ஒருமுறை நாலு பேர் சேர்ந்து தேக்கா சந்தையில் காய் வாங்கிச் சமைத்தால் செலவும் குறையும், பேச்சும் நடக்கும். ஊரிலிருந்து குக்கர் கொண்டு வந்தா ஓடும். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் வடிவம் மட்டும் வேற. ஒரு அடாப்டர் போதும். விடுதியில் தங்குறவங்க அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்க.

*இரண்டாவது வேலை: காகிதம்.* இதில் 'அப்புறம் பாத்துக்கலாம்' ஆகாது. வீவக வீட்டில் அறை எடுத்தால் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரர் உங்களை முறையாகப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்க. அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீங்க. பொதுப் பல்கலைக்கழகங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பருவ நாட்களில் வாரம் 16 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம், விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம். எல்லாக் கல்வி நிலையத்துக்கும் இது பொருந்தாது. மனிதவள அமைச்சின் பட்டியலில் உங்கள் நிலையம் இருக்கா என்று பார்த்துட்டு வேலைக்குப் போங்க. கல்விக் கட்டண மானியம் வாங்கியவர்கள் பட்டம் பெற்றதும் மூன்று வருஷம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு ஜாமீன் கையெழுத்தும் உண்டு, பெரும்பாலும் நம்ம சொந்தக்காரங்கதான் போட்டிருப்பாங்க. படிப்பை நடுவில் விடும் எண்ணம் வரும்போது பையனைப் பயமுறுத்துவது இந்தக் கையெழுத்துதான். அதனால்தான் அவன் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. பயந்து ஒளியாமல், ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்ப் பேச வேண்டும். உடல்நலக் காரணத்துக்காக ஒரு பருவம் விடுப்பு எடுப்பது பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

*மூன்றாவது வேலை: மூன்று ஆட்கள்.* முப்பது நண்பர்கள் தேவையில்லை. உங்க அறைக் கதவைத் தட்டக்கூடிய ஒருத்தர், உங்க பாடப்பிரிவில் ஒருத்தர், வளாகத்துக்கு வெளியே ஒரு பெரியவர். இந்த மூணு பேர் போதும். தமிழ் இங்கே நாலு அதிகாரத்துவ மொழிகளில் ஒண்ணு, அறிவிப்புப் பலகையிலும் இருக்கு. அதனால் தமிழ் கேட்பது சுலபம். ஆனா தமிழர்களோடு மட்டும் இருந்துவிடுவதும் சரியில்லை. நாராயண பிள்ளை ஊருக்கு என்ன தேவை என்று பார்த்துத்தான் சூளை போட்டார். நீங்களும் சீன, மலாய் நண்பர்களோடு ஒரு புராஜெக்ட் செய்யுங்க. அதே மாதிரி தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நில்லுங்க, கோயில் அன்னதானத்தில் பரிமாறுங்க. வேலை செய்கிற இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. வந்துட்டு மட்டும் போற இடத்தில் கூப்பிட மாட்டாங்க.

*நான்காவது வேலை: வீட்டுக்கு உண்மை சொல்வது.* நம்ம நேரம் இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே ராத்திரி பத்து மணி என்றால் அங்கே ஏழரை. அம்மா அப்போது சமையலறையில் இருப்பாங்க. "சாப்டியா?" "சாப்டேன்மா." "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்மா." கேள்வி ரெண்டு, பதில் ரெண்டு, ரெண்டு பதிலும் பொய்யா இருக்கலாம். கவலைப்படுவாங்க என்று மறைக்கிறோம். ஆனா மறைப்பது பழகிவிட்டால், உண்மையான ஆபத்து வரும்போதும் வாய் வராது. எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. வாரத்துக்கு ஒரு உண்மை சொல்லுங்க: "இந்த வாரம் பரீட்சை கஷ்டமா இருந்துச்சும்மா." அவங்க தாங்குவாங்க. நம்மைப் பெத்தவங்க அவ்வளவு பலவீனமானவங்க இல்ல.

வீட்டில் சொல்ல முடியாத நிலை என்றால் வளாகத்தில் மனநல ஆலோசகர் இருக்கிறார். ராத்திரி எந்த நேரமாக இருந்தாலும் எஸ்ஓஎஸ் எனப்படும் 'சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்' அமைப்பை 1767 என்ற எண்ணில் அழைக்கலாம். மருத்துவ அவசரத்துக்கு 995. இந்த இரண்டு எண்ணையும் இப்பவே கைப்பேசியில் போட்டு வையுங்க.

4. மூத்த மாணவர்களுக்கு

இதுவரை புதுசா வந்தவங்களுக்குச் சொன்னேன். இந்தப் பாடத்தின் பாதி நமக்கு. மஹலனோபிஸ் அன்றைக்குப் பெரிய உதவி எதுவும் செய்யவில்லை. அறைக்குப் போனார், எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டார், போர்வையைக் காட்டினார். அவ்வளவுதான். நாம் வாட்ஸ்அப் குழுவில் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க தம்பி" என்று போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். என்ன வேணும் என்றே தெரியாதவன் எப்படிக் கேட்பான்? நாமதான் போகணும். இரண்டு வாரம் கூட்டத்துக்கு வராத பையன் இருந்தால், மூன்றாவது வாரம் கிளமெண்டியிலிருந்து ஒரு பார்சல் சாப்பாடு வாங்கிட்டு அவன் அறைக்குப் போங்க. பத்து நிமிஷம் உட்காருங்க. சேவை என்று நாம் சொல்வதில் இதுவும் சேர்ந்ததுதான்.

கலந்து பேச

1. நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து ஆட்களை வரவழைத்தார். நீங்கள் வந்தபோது உங்களுக்கு வழி காட்டியவர் யார்? நீங்கள் யாருக்குக் காட்டினீர்கள்?
2. ராமானுஜன் ஏன் குளிருது என்று முன்கூட்டியே யாரிடமும் கேட்கவில்லை? நமக்கு எந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது?
3. வீட்டுக்கு மறைப்பது எப்போது அன்பு, எப்போது ஆபத்து?

இந்த மாத வேலை: உங்கள் மூன்று ஆட்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு இடம் காலியாக இருந்தால் அடுத்த கூட்டத்தில் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து நிரப்புவோம்.