பொன்னாடைக்கு முன்னும் பின்னும்

அன்பு மருமகனுக்கு,

ஊர் நற்பணி மன்றத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற கையோடு, தீயணைப்பு வீரர்களுக்கும் 108 ஊர்தியினருக்கும் பாராட்டு விழா எடுக்க மருமகன் கருதியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் அந்தப் பாராட்டு ஒரு மாலைப்பொழுதோடு முடியும் சடங்காகப் போகுமா, பாராட்டப்படுவோரின் வேலையை எளிதாக்கும் ஊர்வழக்கமாக நிலைக்குமா என்பது விழாவுக்கு முன்னும் பின்னும் மன்றத்தார் செய்பவற்றைப் பொறுத்தது.

முதலில், பாராட்டுக்குரியவர் யார் என்பதில் தெளிவு வேண்டும். விபத்து, தீ, வெள்ளம், மாரடைப்பு போன்ற இடர்களின்போது நிகழ்விடத்தை முதலில் அடைந்து உயிர்காக்கும் பணியைத் தொடங்குவோரை முதல்நிலை மீட்பாளர்கள் என்பர். இவர்களுள் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் தீயை அணைப்பதோடு நிற்பதில்லை. கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டி ஏற்றுவதும், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பதும், குளத்தில் மூழ்கியவரின் உடலைத் தேடியெடுப்பதும் அவர்கள் வேலையே. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 108 சேவையின் ஊர்தியில், பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும், அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவர். பின்னவர் ஓடும் வண்டியிலேயே குருதிப்போக்கை நிறுத்தவும், உயிர்வளி கொடுக்கவும், தேவைப்பட்டால் பிரசவம் பார்க்கவும் பயிற்சி பெற்றவர். அரசின் திட்டமாயினும் அதை நடத்துவது ஒரு தனி நிறுவனம் என்பதால், இவர்கள் அரசு ஊழியர் அல்லர்.

இவ்விரு பிரிவினரோடு பட்டியல் முடிந்துவிடுவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியப் பணியாளர்கள் சேற்று வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டனர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தெருக்களுக்குள் படகைக் கொண்டுவந்தவர்களில் மீனவர் பலர் இருந்தனர். 2023 டிசம்பரில் செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றபோது, மீட்புப் படையினர் வந்து சேரும்வரை பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊர் மக்கள். விழா மேடைக்குச் சீருடையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், இத்தகையோர் விடுபட்டுப் போவர்.

ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதன் காரணத்தை மன்றத்து இளைஞர்கள் அறிந்திருப்பது நலம். 1944ஆம் ஆண்டு அந்நாளில், பம்பாய்த் துறைமுகத்தில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் தீப்பற்றியது. பருத்திப் பொதிகளும் வெடிபொருள்களும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்ததால், அணைக்கும் பணி நடந்துகொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்துச் சிதறி, தீயணைப்பு வீரர் 66 பேர் உயிரிழந்தனர். தீக்குள் நுழைபவரின் உயிர், அங்கே என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சார்ந்தது என்ற உண்மையை இந்நிகழ்வு காட்டுகிறது. எனவே கிடங்கில் உள்ள அமிலக் கேன்களையும், கடையின் பின்கட்டில் அடுக்கிய எரிவாயு உருளைகளையும், உரிமமின்றிச் சேர்த்த பட்டாசையும் மறைக்காமல் முதல் வாக்கியத்திலேயே வீரர்களிடம் சொல்லிவிடுவது, அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதைகளுள் தலையாயது.

அன்றாட வாழ்வில் காட்ட வேண்டிய மரியாதைகள் இன்னும் சில உண்டு. உதவிக்கு அழைப்பவர் ஊர்ப்பெயரோடு தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, காயமுற்றோர் எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா என்பவற்றைப் பதறாமல் சொல்லி, தொலைபேசியைத் துண்டிக்காமல் இருந்து, முக்கிய சாலையின் திருப்பத்தில் ஓர் ஆளை நிறுத்தினால், வண்டி சந்து சந்தாகத் தேடும் நேரம் மிச்சமாகும். திருவிழாப் பந்தலுக்குத் தெருவை முழுவதும் அடைக்காமல் ஒரு வண்டி நுழையும் அகலம் விடுவதும் அவ்வாறே. அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவு இடமளிக்கிறது. ஆனால் தண்டனைக்கு அஞ்சி ஒதுங்குவதைவிட, உள்ளே கிடப்பவர் யாராகவும் இருக்கலாம் என்று உணர்ந்து ஒதுங்குவதே ஊருக்கு அழகு.

வண்டி தாமதமாக வந்ததாகக் கருதிச் சுற்றத்தார் ஊர்தியினரை வைவதும், சில இடங்களில் கைநீட்டுவதும் நடக்கின்றன. துயரத்தில் எழும் சினம் இயல்பே. எனினும் எந்த அழைப்புக்கு எந்த வண்டி எப்போது செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டு அறையே தவிர, எதிரே நிற்கும் இருவர் அல்லர். உண்மையான குறை இருப்பின் அதைத் தேதியும் நேரமும் குறித்து எழுத்தில் உரிய அலுவலரிடம் கொடுக்கலாம். பாராட்டுபவருக்குக் குறைசொல்லும் உரிமை இல்லாமல் போவதில்லை.

இனி, விழாவைப் பற்றி. பணிநேரத்தில் உள்ளவர்களை மண்டபத்துக்கு அழைத்து, சிறப்பு விருந்தினரின் வருகைக்காக இரண்டு மணி நேரம் காக்க வைப்பது, அவ்வளவு நேரம் ஊரைக் காவலின்றி விடுவதற்கு ஒப்பாகும். ஆதலால் அலுவலரிடம் முன்னரே கேட்டு, தீயணைப்பு நிலையத்துக்கே மன்றத்தார் சென்று, அரைமணி நேரத்துக்குள் நிகழ்ச்சியை முடித்துக்கொள்வதும், பேச்சின் நடுவே அழைப்பு மணி ஒலித்தால் மேடையை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் ஓடுவார்கள் என்பதை விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது. உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிட வேண்டும். அரசுப் பணியாளர் அன்பளிப்புப் பெறுவதற்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் வரம்பு கட்டியிருப்பதால், நல்லெண்ணமே அவர்களுக்கு இடராக முடியக்கூடும்.

பணத்தைவிடப் பயன்தருவது கடிதம். சீருடைத் துறையினருக்கு அண்ணா பிறந்தநாளையொட்டி முதலமைச்சரின் அண்ணா பதக்கங்கள் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகின்றன. 108 பணியாளர் அவ்வரிசையில் வருவதில்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன எண்ணுள்ள வண்டியில் வந்தவர்கள் இன்னது செய்தார்கள் என்று விவரமாக எழுதி, தீயணைப்பு வீரருக்காயின் மாவட்ட அலுவலருக்கும், 108 பணியாளருக்காயின் சேவையை நடத்தும் நிறுவனத்தின் மாவட்டப் பொறுப்பாளருக்கும் அனுப்பினால், அது அவர்களின் பணிப்பதிவில் சேர வழியுண்டு. பொன்னாடைக்கு அந்த ஆயுள் கிடையாது. நோயாளியை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒப்படைத்த கணமே ஊர்தியினர் அடுத்த அழைப்புக்குத் திரும்பிவிடுவதால், அவர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதே இல்லை. பிழைத்தவரோ அவர் குடும்பமோ எழுதும் நான்கு வரி அந்த இடைவெளியை நிரப்பும். அதே வேளையில், காப்பாற்றப்பட்டவரை மேடையேற்றித் தம் துயரத்தைச் சொல்லுமாறு வற்புறுத்துவது தகாது.

விழா முடிந்தபின் செய்ய வேண்டியதே நீண்ட பணி. இதயம் நின்றுவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிப்படையத் தொடங்கும். எவ்வளவு விரைந்து புறப்பட்டாலும் எல்லாத் தெருக்களையும் அந்நேரத்துக்குள் எட்டுவது எந்த ஊர்திக்கும் இயலாது. ஆகவே, மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் சி.பி.ஆர். என்னும் முதலுதவியை, மன்றத்தில் தெருவுக்கு இருவராவது முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சாலையில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை 2016ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணையும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவும் உறுதிசெய்துள்ளன. இதையும் ஊராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்புத் துறையினர் பள்ளிகளில் செயல்விளக்கம் அளிப்பதுண்டு. மன்றம் முறைப்படி வேண்டினால் ஊருக்கும் வருவர்.

இவற்றையெல்லாம் ஒரே ஆண்டில் செய்துமுடிக்க வேண்டும் என்பதில்லை. இவ்வாண்டு விழாவோடு இரண்டு கடிதங்களும் ஒரு பயிற்சி வகுப்பும் நடந்தால் போதும். அடுத்த ஆண்டு மேடையில் சொல்வதற்கு, ஊர் அவர்களுக்காகச் செய்தது என்று ஒன்றாவது இருக்கும். செலவுக்கணக்கை எழுதும்போது பொன்னாடைக்கு ஒதுக்கியதில் பாதியைப் பயிற்சிக்கு மாற்றுமாறு பொருளாளரிடம் மருமகன் இப்போதே பேசிவிடுவது நல்லது.

அன்புடன்,
மாமா