லினக்ஸ் சேவையகமும் காவல் முகவரும்

கொட்டியாரப்பற்றிலே வேளாண்மை கதிர் தள்ளும் காலத்தில் இரவுக் காவல் இன்றியமையாதது. கிளிவெட்டியிற் பிறந்து வளர்ந்தோர் இதனை நன்கறிவர். யானையும் பன்றியும் வயலில் இறங்காவண்ணம் பரணில் இருப்பவர் இடையிடையே குரல் கொடுப்பார். அயற்பரணிலிருந்து மறுகுரல் எழும். மறுகுரல் எழாதொழியின், “அங்கே தொல்லை ஒன்றுமில்லை” என்று எண்ணி எவரும் உறங்கச் செல்வதில்லை. வெளிச்சம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பர். காவலாளி அயர்ந்திருத்தலுங் கூடும். அவருக்கே தீங்கு நேர்ந்திருத்தலுங் கூடும். இவ்வெளிய உண்மையைக் கணினித் துறையிற் பலர் மறந்துவிடுகின்றனர். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பலருடைய கணினிகளுக்கு ஓரிடத்திலிருந்து தரவுகளையும் பணிகளையும் வழங்குவது சேவையகம். இன்று எண்ணிறந்த சேவையகங்கள் லினக்ஸ் என்னும் உட்கருவைக் கொண்டே இயங்குகின்றன. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்வுட்கரு, எவரும் பெற்றுத் திருத்திப் பயன்படுத்தத்தக்கது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கரையோரத்தை அழித்தபோது, காணாமற்போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் இலங்கையர் ஆக்கிய ‘சகானா’ என்னும் மென்பொருளும் இத்தகைய திறந்த மூல மரபிற் பிறந்ததே. அவ்வாறான வேளையிற் சேவையகம் ஒரு மணி நேரம் ஓய்ந்திருப்பின் விளையும் இடர் எத்தகையது என்பதை நம் மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சேவையகத்தினுள்ளே தங்கி, அதன் நிலையை அளந்து, வேறோரிடத்திலுள்ள தலைமை நிலையத்துக்கு அறிவிக்கும் சிறு நிரலே கண்காணிப்பு முகவர். லத்வியா நாட்டிலே தோன்றிய ‘சாபிக்ஸ்’ இவ்வகையிற் புகழ்பெற்றதொன்று. முகவர் தன் அளவுகளிற் பலவற்றைப் ‘புறொக்’ என்னும் அடைவிலிருந்து பெறும். அங்குள்ளவை வன்றட்டில் எழுதி வைத்த கோப்புக்கள் அல்ல; படிக்குங் கணத்தில் உட்கருவே ஆக்கித் தருவன. அவற்றுள் ‘சுமைச் சராசரி’ என 1, 5, 15 நிமிடங்களுக்குரிய மூன்று எண்கள் உள. 4 என்னும் எண், செயலிக் கூறுகள் நான்குடைய கணினிக்கு நிறைவான வேலை. ஒன்றே உடையதற்கோ பெருஞ்சுமை. வன்றட்டின் விடைக்காகக் காத்திருக்கும் பணிகளையும் லினக்ஸ் இதிற் சேர்த்தெண்ணும். ஆதலின், எண் உயர்ந்தவுடன் செயலியைப் பழித்தல் தவறு. வன்றட்டையும் நோக்குதல் வேண்டும்.

முகவர் பேசும் வழி இரண்டு. தலைமை நிலையம் வினாவ முகவர் விடையிறுப்பது ஒன்று. சாபிக்ஸில் இதற்கு வழக்கமான துறை எண் 10050. முகவர் தானாகவே சென்று அறிவிப்பது மற்றொன்று. அது தலைமை நிலையத்தின் 10051ஆம் துறையை அடையும். திருகோணமலைத் துறைமுகத்தில் வந்த கலமெல்லாம் விரும்பிய இறங்குதுறையில் அணைய விடுவதில்லை. அதுபோலவே, 10050ஆம் துறையையும் தலைமை நிலையத்துக்கு மாத்திரமே திறந்துவைத்தல் முறை.

நிற்க, முகவரைப் பேணும் முறைகளை நிரைப்படுத்துவோம்.

1. முகவர் தனக்கென அமைந்த தனிப் பயனர் பெயரில் இயங்குதல் வேண்டும். ‘ரூட்’ என்னும் முழு அதிகாரத்தைக் காவலாளியிடம் ஒப்படைத்தல் ஆகாது.

2. தொடக்குதல் வேறு, நிலைப்படுத்தல் வேறு. ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையில் ‘ஸ்டார்ட்’ என்பது முகவரை இப்பொழுது மாத்திரம் தொடக்கும். ‘எனேபிள்’ என்பதே கணினி மீள எழும்போதெல்லாம் அதனையும் எழுப்பும். மின்தடைக்குப் பின் முகவர் காணாமற்போவது பெரும்பாலும் இவ்வேறுபாட்டை மறந்ததனாலேயே.

3. அமைவுக் கோப்பைத் திருத்துமுன் படியெடுத்து வைக்க. திருத்தியபின் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, ‘ஸ்டேட்டஸ்’ கேட்டு, ‘ஜேர்னல்சிடிஎல்’ காட்டும் பதிவுகளைப் படிக்க. “இயங்குகிறது” என்னும் விடையோடு அமையற்க. தலைமை நிலையத்திற் புதிய அளவு வந்து சேர்ந்ததா என்பதையும் காண்க.

4. காவலே சுமையாதல் கூடாது. மெல்ல நிறையும் வன்றட்டை நொடிதோறும் அளப்பதாற் பயனில்லை.

இவையனைத்தையுஞ் செய்த பின்னரும் ஓர் ஆபத்து எஞ்சும். 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்னிழந்தனர். ஒகையோ மாநில மின் நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டறையில் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2.14 மணியளவில் ஓசையின்றிச் செயலிழந்தது. மின்கம்பிகள் மரங்களிற் பட்டு ஒவ்வொன்றாய் இணைப்பிழந்தபோதும் எச்சரிக்கை எழவில்லை. எச்சரிக்கை எழாமையைப் பணியாளர் நலத்தின் அறிகுறியாகவே கொண்டனர். மாலை 4.10 மணியளவிற் பெருமின்தடை நேர்ந்தது. கம்பி இணைப்பிழந்தது ஒரு குறை. காவல் இறந்ததை ஒருவரும் அறியாமை அதனினும் பெருங்குறை.

இதற்கு மருந்து உண்டு. “இத்தனை நிமிடம் செய்தி வாராவிடின் எச்சரிக்க” என்னும் விதியைத் தலைமை நிலையத்தில் அமைத்தல் வேண்டும். சாபிக்ஸில் ‘நோடேட்டா’ என்னும் செயற்கூறு அதனைச் செய்யும். இவ்விதியை முகவரிடம் ஒப்படைத்தற்கில்லை. இறந்தவர் தம் இறப்பை அறிவிப்பதில்லை. அன்றியும், மாதமொருமுறை வேண்டுமென்றே முகவரை நிறுத்தி, எச்சரிக்கை உரியவர் கைக்கு உண்மையில் வந்து சேருகின்றதா எனச் சோதித்தல் நன்று. தலைமை நிலையத்தையும் வேறொரு கணினி நோக்கியிருத்தல் வேண்டும்.

கணினி பயிலும் இளைய மாணவர்காள்! கட்டளைகள் காலந்தோறும் மாறும். இன்றைய மென்பொருள் நாளை வழக்கொழியும். ஆயினும், மறுகுரல் வாராத பரணை நோக்கி இருளில் நடந்து சென்ற நம் முன்னோரின் விழிப்பு மாறத்தக்கதன்று. மௌனத்தை நற்செய்தி என்று கொள்ளாதவரே நல்ல காவலர்.