பழைய பேஜ்மேக்கரும் புதிய விண்டோஸும்

கேள்வி: கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறேன். பழைய ஃபைல்கள் எல்லாம் பேஜ்மேக்கரில் இருக்கின்றன. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலோ விண்டோஸ் 11. இரண்டையும் சேர்த்து ஓட்ட வழி உண்டா?
– வாசகர், குடவாசல்

பதில்: உண்டு. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-ல். யூனிகோடு அதற்குத் தெரியாது. இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவுங்கள். அதற்குள் உங்களிடமுள்ள விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டு, பேஜ்மேக்கரையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் அங்கேயே ஏற்றுங்கள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும், ஒன்றோடொன்று மோதாது. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரலில் நின்றுவிட்டன. அதனால் அதற்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள். புது வேலைகளை யூனிகோடிலேயே தொடங்குங்கள். எதற்கும் முன்னால், பழைய ஃபைல்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.