மெமோ கையில் கிடைத்த மாணவிக்கு



விளக்கம் கேட்டு மெமோ வந்த அன்று நர்சிங் மாணவிகள் பலர் செய்கிற முதல் காரியம், அழுதுகொண்டே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பது. எதற்கு மன்னிப்பு என்று அதில் தெளிவாக இருக்காது. ‘தெரியாமல் நடந்துவிட்டது, இனிமேல் இப்படி நடக்காது’ என்று இரண்டு வரி, கீழே கையெழுத்து, தேதி. எழுதச் சொல்கிறவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. விஷயம் இதோடு முடிந்து போகட்டும் என்றுதான் சொல்கிறார். ஆனால் விசாரணைக் குழு கூடும்போது மேசையில் முதலில் கிடப்பது அந்தத் தாள்தான். செய்தது, செய்யாதது எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நடந்தது எது, சாட்டப்பட்ட குற்றம் எது என்று பிரித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதம் அதைச் சொல்லத்தான்.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் 2010 நவம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. ஜான்சன் கவுன்டி கம்யூனிட்டி காலேஜின் நர்சிங் மாணவிகள் சிலர், ஒலேத்தா என்ற ஊரின் மருத்துவமனையில் பிரசவப் பிரிவுப் பயிற்சியில் இருந்தார்கள். பாடத்துக்காகத் தட்டில் ஒரு நஞ்சுக்கொடி வைக்கப்பட்டிருந்தது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பயிற்றாசிரியரைக் கேட்டார்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் படத்தில் விழக்கூடாது என்று சொல்லி அவர் அனுமதித்தார். ஒரு மாணவி அந்தத் தட்டின் பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் படம் அன்றே ஃபேஸ்புக்கில் ஏறியது. கல்லூரி எடுக்கச் சொன்னதும் எடுத்துவிட்டாள். ஆனாலும் அவளும் உடன் இருந்த மூவரும் படிப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த கல்வியாண்டில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை.

அவள் வழக்குப் போட்டாள். 2011 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி எரிக் மெல்க்ரன், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிக்கு உத்தரவிட்டார். படத்தில் நோயாளியின் அடையாளம் எதுவும் இல்லை. படம் எடுக்க ஆசிரியரே அனுமதித்திருந்தார். ஃபேஸ்புக்கில் போடப்போகும் விஷயம் காதில் விழுந்தபோதும் அவர் தடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நீக்குவதற்கு முன்னால் அவள் தரப்பை முறையாகக் கேட்கவில்லை.

அந்தப் படத்தை எடுத்திருக்கவே கூடாது. ஒரு தாயின் உடலிலிருந்து வந்த ஒன்றை வைத்துக்கொண்டு சிரிப்பது இந்தத் தொழிலுக்கு அழகில்லை. ஆனால் அதற்கு உரிய தண்டனை கண்டிப்பா, ஒரு மாத சஸ்பென்ஷனா, படிப்பையே பறிப்பதா என்று முடிவெடுப்பவர்கள் முழுக் கதையையும் கேட்டாக வேண்டும். அந்த மாணவியைக் காப்பாற்றியது ‘நான் எதுவும் செய்யவில்லை’ என்ற மறுப்பு அல்ல. செய்ததை ஒப்புக்கொண்டாள், யார் அனுமதித்தார், யாருக்கு என்ன தெரியும், படத்தை எப்போது நீக்கினாள் என்பதைத் தனித்தனியாக எடுத்து வைத்தாள்.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, தான் உடனிருந்து பார்த்த ஒரு பிரசவத்தைப் பற்றித் தன் வலைப்பக்கத்தில் எழுதியதற்காக 2009-இல் நீக்கப்பட்டாள். முதலில் நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, கடைசியில் பல்கலைக்கழகமே ஜெயித்தது. சேர்ந்தபோதே நோயாளியின் ரகசியம் காப்பேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தது வழக்கு முழுக்க அவளைத் துரத்தியது. சேர்க்கை நாளில் கட்டுக்கட்டாக நீட்டப்படும் தாள்களை யாரும் படிப்பதில்லை. மெமோ வந்த பிறகாவது அவற்றின் நகலை வாங்கிப் படித்துவிட வேண்டும்.

மினசோட்டாவில் சென்ட்ரல் லேக்ஸ் கல்லூரியின் மாணவர் கதை இன்னும் கசப்பானது. சக மாணவர்களைப் பற்றி ஃபேஸ்புக்கில் அவர் எழுதியவை மிரட்டல் தொனியில் இருப்பதாகப் புகார் வந்தது. துறைத்தலைவர் கூப்பிட்டுப் பேசியபோது அவர் எதிர்த்தே வாதாடினார். வருத்தமோ பொறுப்பேற்பதோ அவர் பேச்சில் இல்லை என்பதும் நீக்கத்துக்கு ஒரு காரணமானது. தனக்குச் சரியான வாய்ப்புத் தரப்படவில்லை என்று அவர் போட்ட வழக்கில், குற்றச்சாட்டைச் சொன்னார்கள், பதில் சொல்ல இடம் கொடுத்தார்கள், அது போதும் என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு சொன்னது. நீதிபதிகளில் ஒருவர் மாற்றுக் கருத்து எழுதினாலும் தீர்ப்பு மாறவில்லை. ஆக, அந்த முதல் சந்திப்பைச் சாதாரணப் பேச்சு என்று நினைத்துப் போகாதே. பல கல்லூரிகளில் அதுவேதான் விசாரணை.

போவதற்கு முன் உன் மெமோவில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சாட்டப்படுவது ஒழுங்கீனமா, படிப்பில் குறையா? 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மிசூரியின் ஒரு மருத்துவ மாணவியின் வழக்கு வந்தது. வார்டு வேலையில் தேறவில்லை என்று நீக்கப்பட்டவர் அவர். ஏழு மருத்துவர்கள் தனித்தனியாக அவரைச் சோதித்திருந்தார்கள். இரண்டு பேர் தேறிவிட்டார் என்றார்கள். இரண்டு பேர் உடனே நீக்கச் சொன்னார்கள். மூன்று பேர் இன்னும் கொஞ்ச காலம் கண்காணிக்கலாம் என்றார்கள். இருந்தும் நீக்கம் நின்றது. படிப்புத் திறனை ஆசிரியர்கள்தான் அளக்க வேண்டும், அதற்கு விசாரணை தேவையில்லை என்றது நீதிமன்றம். நர்சிங்கில் இந்த எல்லைக்கோடு சட்டென்று அழிந்துவிடுகிறது. பி.பி. பார்க்காமலே சார்ட்டில் அளவு எழுதியது ஒழுங்கீனம். பி.பி. சரியாகப் பார்க்கத் தெரியாதது படிப்புக் குறை. இரண்டையும் சேர்த்து ‘நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். உன்மேல் இருப்பது இதில் எது என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

நம் ஊரிலும் நீதிமன்றங்கள் இதையெல்லாம் பேசியிருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் இன்டர்மீடியட் பரீட்சையில் மூன்று மாணவர்களின் விடைத்தாள்களில் ஒரே மாதிரிப் பிழைகள் இருந்தன. காப்பி அடித்தார்கள் என்று அவர்களைக் கூப்பிடாமலே பரீட்சை வாரியம் முடிவை ரத்து செய்தது. எவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தாலும் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினொரு வருடம் கழித்து அதே நீதிமன்றத்துக்கு ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கு வந்தது. இரவில் மாணவிகள் விடுதிக்குள் புகுந்ததாகப் புகாருக்கு ஆளான மாணவர்கள், சாட்சி சொன்ன பெண்களைத் தங்கள் முன்னால் விசாரிக்கவில்லை என்று முறையிட்டார்கள். அப்படி விசாரித்தால் எந்தப் பெண்தான் வாய் திறப்பாள் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் வாங்கியதே போதும் என்று தண்டனையை உறுதி செய்தார்கள். அது சரியான தீர்ப்பு. உன்மேல் புகார் கொடுத்தவர் ஒரு நோயாளியாகவோ ஜூனியர் மாணவியாகவோ இருந்தால், அவரை எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பு உனக்குக் கிடைக்காமல் போகலாம். புகார் என்ன என்று தெரிந்துகொள்ளவும் பதில் சொல்லவும் உள்ள உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

சரி, இன்று ராத்திரி என்ன செய்வது? ஒரு நோட்டில், மெமோவில் சொன்ன அந்த டியூட்டியை மணிவாரியாக எழுது. எத்தனை மணிக்கு வார்டுக்குப் போனாய், எந்தப் படுக்கைகள் உன் பொறுப்பு, இன்சார்ஜ் சிஸ்டர் யார், டியூட்டர் அங்கே இருந்தாரா, மருந்தை யார் எடுத்துக் கொடுத்தார்கள், கொடுக்கச் சொன்னது யார், எங்கே கையெழுத்துப் போட்டாய். நினைவில்லாததை ‘நினைவில்லை’ என்றே எழுது. நோயாளியின் பெயர் வேண்டாம்; படுக்கை எண் போதும். எந்தக் காரணத்துக்காகவும் கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதே. உன்னை நிரூபிக்க எடுத்த அந்தப் படமே இரண்டாவது குற்றச்சாட்டாக வந்து நிற்கும். ஆவணம் வேண்டுமென்றால், விசாரணைக் குழு அதை வரவழைத்துப் பார்க்கட்டும் என்று விண்ணப்பம் கொடு. பழைய சார்ட்டில் ஒரு புள்ளிகூடத் திருத்தாதே. மருந்து மாறிப்போனதை உடனே சொன்ன மாணவியை மன்னிக்கும் சிஸ்டர்கள் எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறார்கள். மறைத்துச் சார்ட்டை மாற்றி எழுதியவளை யாரும் மன்னிப்பதில்லை. அதில் அவர்கள்மேல் தப்பும் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் நியாயம் கேட்காதே. அங்கே போடுவது அரை மணி நேரத்தில் ஸ்கிரீன்ஷாட்டாகப் பிரின்சிபால் அறைக்குப் போய்விடும். கூட இருந்த தோழியிடம் ‘இப்படிச் சொல்’ என்று கேட்பது அதைவிட மோசம்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மெமோவின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனியாகப் பதில் எழுது. செய்திருந்தால் ‘ஆம், செய்தேன்’ என்று எழுதி, எந்தச் சூழ்நிலையில் என்று சொல். அதற்கான வருத்தத்தையும் அங்கேயே எழுது. அது பொய்யில்லாத வருத்தமாக இருக்கட்டும். செய்யாததை மறு. ஆசிரியரைத் திட்டாதே, குடும்ப வறுமையை எழுதாதே. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள். பதில் தரக் கொடுத்த நாள் போதவில்லை என்றால், கெடு முடியும் முன்பே கூடுதல் நாள் கேட்டு எழுது. கூட ஒருவரை அழைத்து வரலாமா, முடிவை எத்தனை நாளில் எழுத்தில் தருவார்கள், மேல்முறையீடு யாரிடம் என்ற மூன்றையும் அதே கடிதத்தின் கடைசியில் கேட்டுவிடு.

தண்டனை முடிவானால் சும்மா காத்திருக்காதே. கான்சஸ் மாணவி நீக்கப்பட்டது நவம்பரில்; உத்தரவு வந்தது ஜனவரியில். அடுத்த பருவம் கைநழுவும் முன்பே வழக்குப் போட்டதால்தான் அவளால் வகுப்புக்குத் திரும்ப முடிந்தது. மேல்முறையீட்டுக் கெடுவை நாட்காட்டியில் குறித்து வை. சஸ்பெண்ட் ஆகாதவரை ஒரு டியூட்டியும் ஒரு வகுப்பும் விடாமல் போ. வருகைக் குறைவு என்று புதிதாக ஒன்று சேர வேண்டாம்.

வீட்டில் இன்றே சொல்லிவிடு. ‘பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வா’ என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் போகும்போதுதான் அப்பா முதல்முறையாக இதைக் கேள்விப்படுகிறார் என்றால், அவரும் கலங்கிப்போய் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். நீ எழுதிய நோட்டை முதலில் அவருக்குப் படித்துக் காட்டு.