சைக்கிள் சங்கிலிக்கு எந்த எண்ணெய்?

கிராம வாழ்க்கையில் சைக்கிளுக்கு உள்ள இடத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பால் கேன் சங்கத்தைச் சென்றடைவதும், உர மூட்டை வயல் வரப்பை எட்டுவதும் பல ஊர்களில் அதனாலேயே ஆகும். மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசு விலையின்றிச் சைக்கிள் வழங்கி வருவதால், பள்ளி தொலைவில் உள்ள சிற்றூர்ப் பெண்களும் படிப்பை இடையில் நிறுத்தாமல் தொடர வழி ஏற்பட்டிருக்கிறது. பஞ்சாயத்துகளில் குப்பை சேகரிக்கும் மூன்று சக்கர வண்டிகளிலும் மிதித்து ஓட்டுபவை பல உள்ளன. இவை அனைத்தும் 'செயின்' என்று நாம் வழங்கும் ஒரு சங்கிலியை நம்பி ஓடுகின்றன.

இச்சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும் என்பதை அறியாதார் இல்லை. ஆனால், எந்த எண்ணெய் என்ற கேள்வி எழும்போது, கைக்கு அகப்பட்டது எதுவோ அதுவே போதும் என்று பலரும் கருதுகின்றனர். சமையல் எண்ணெய், மண்ணெண்ணெய், பம்ப் செட்டிலிருந்து வடித்த கறுத்த எண்ணெய் ஆகிய எல்லாம் சங்கிலியின்மேல் ஊற்றப்படுகின்றன. இதனால் எண்ணெய் இட்ட சங்கிலியும் எண்ணெய் இடாத சங்கிலியைப் போலவே விரைவில் தேய்ந்து போகிறது. எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

சங்கிலியின் அமைப்பு

சங்கிலியின் ஒரு கண்ணியைக் கூர்ந்து நோக்கினால், இரு பக்கமும் தகடுகள், அவற்றை இணைக்கும் முளை, முளையைச் சூழ்ந்த சிறு குழல், குழலின்மேல் சுழலும் உருளை ஆகிய உறுப்புகள் இருப்பதைக் காணலாம். இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-ஆம் ஆண்டில் இவ்வமைப்பை உருவாக்கினார். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட 'ரோவர்' சைக்கிள், பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் முறையை நிலைநாட்டியது. நாம் இன்று ஓட்டும் சைக்கிளும் அதன் வழி வந்ததே.

60 கிலோ எடையுள்ள ஒருவர் தம் முழு எடையையும் ஒரு மிதியின்மேல் வைத்து அழுத்தும்போது, சங்கிலியில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசை ஏற்படுகிறது. மிதியின் தண்டு நீளமாகவும், முன் பல்சக்கரத்தின் ஆரம் அதில் ஏறத்தாழப் பாதியாகவும் இருப்பதே இதற்குக் காரணம். இவ்விசை முழுவதையும் முளையும் குழலும் ஒன்றையொன்று தொடும் சிறு பரப்பே தாங்குகிறது. சங்கிலி பல்சக்கரத்தில் வளைந்து ஏறும்போதும் நிமிர்ந்து இறங்கும்போதும் தேய்மானம் அவ்விடத்தில்தான் நிகழ்கிறது.

ஆகவே, எண்ணெய் வேண்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத அந்த உள்ளிடத்திலேயே ஆகும். வெளித் தகட்டில் மினுமினுக்கும் எண்ணெய் துருவைச் சிறிது தடுக்கும் என்பதன்றி வேறு பயன் தருவதில்லை. அதிகமாக இருந்தால் அது தீமையே செய்யும். ஏனெனில், ஈரமான எண்ணெயில் புழுதி ஒட்டுகிறது. மணலில் உள்ள படிகக் கல் துகள் சாதாரண எஃகைவிடக் கடினமானது. அத்துகளும் எண்ணெயும் கலந்த குழம்பு, அரிவாள் தீட்டும் சாணைக்கல்லைப் போல முளையையும் பல்சக்கரத்தையும் அரைத்துவிடுகிறது.

1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் சங்கிலியைச் சோதித்தனர். காலால் தரும் ஆற்றலில் 98 விழுக்காட்டுக்கு மேல் சங்கிலி வழியே சக்கரத்தை அடையக்கூடும் என்று கண்டனர். எண்ணெய் வகையை மாற்றியதால் அவ்வளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் அச்சோதனை புழுதியும் மழையும் இல்லாத கூடத்தில் நடைபெற்றது. நம் சாலைகளில் எண்ணெயின் தலையாய பணி, தேய்மானத்தையும் துருவையும் தடுத்துச் சங்கிலியின் ஆயுளை நீட்டிப்பதே என்று இதிலிருந்து கொள்ளலாம்.

வண்டி மையும் சங்கிலி எண்ணெயும்

மாட்டு வண்டியின் அச்சுக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை இடும் வழக்கம் நம் விவசாயிகள் நன்கு அறிந்ததே. அச்சும் குடமும் சந்திக்கும் இடம் அகன்றது. தடித்த மை அங்கே தங்கி நிற்கும். இதைக் கண்டு பழகியவர்கள் சைக்கிள் சங்கிலிக்கும் கிரீஸை அப்புவது உண்டு. ஆனால் முளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி மிகக் குறுகியது. கிரீஸ் அதனுள் எளிதில் நுழையாமல் வெளியே தங்கிப் புழுதியைச் சேர்க்கும். சக்கரத்தின் குண்டுகளுக்கு ஏற்ற கிரீஸ், வெளியே திறந்து கிடக்கும் சங்கிலிக்கு ஏற்றதன்று.

எனவே, நல்ல சங்கிலி எண்ணெய்க்கு இரண்டு குணங்கள் வேண்டும். குறுகிய இடைவெளியில் நுழையும் அளவுக்கு அது இளகியிருக்க வேண்டும். நுழைந்தபின் ஒழுகிவிடாமல் நிற்கும் அளவுக்குத் தடித்திருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் உரைகல்லாகக் கொண்டு ஒவ்வோர் எண்ணெயையும் சோதித்துப் பார்ப்போம்.

வீட்டிலுள்ள எண்ணெய்கள்

தேங்காய் எண்ணெய் எளிதில் உள்ளே நுழையும். ஆனால் விரைவில் ஒழுகிவிடும். மேலும் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும் இயல்புடையது. மார்கழி மாதக் காலையில் பாட்டிலில் அது கட்டியாக நிற்பதைக் காண்கிறோம் அல்லவா?

நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாக மாறுபவை. அடுப்பங்கரையில் எண்ணெய்ச் சட்டியின் ஓரத்தில் படியும் பிசுக்கே இதற்குச் சான்று. அத்தகைய பிசுக்கு சங்கிலியின் உள்ளே படிந்தால் கண்ணிகள் மடங்காமல் விறைத்துக்கொள்ளும்.

விளக்கெண்ணெய் உலோகத்தின்மீது நன்றாகப் பற்றி நிற்கும். விமான எந்திரங்களுக்கும் பந்தயக் கார்களுக்கும் ஒரு காலத்தில் அது பயன்பட்டதுண்டு. எனினும், 40 டிகிரி வெப்பத்தில் அது சாதாரண எஞ்சின் ஆயிலைவிட ஏறத்தாழ இரு மடங்கு தடித்தது. நாள் செல்லச் செல்லப் பசையாகவும் ஆகும். வேறு எதுவும் கிடைக்காத அவசரத்திற்கு அன்றி, வழக்கமாக இதைப் பயன்படுத்துவது நன்றன்று.

விலக்க வேண்டியவை

மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும் பொருளே தவிர, உராய்வைத் தடுக்கும் பொருள் அன்று. அதை ஊற்றியவுடன் கிரீச்சென்ற ஓசை நிற்பதால் நன்மை விளைந்ததாகத் தோன்றும். உண்மையில், உள்ளே எஞ்சியிருந்த எண்ணெயும் கழுவப்பட்டு, சில நாட்களில் சங்கிலி முன்னிலும் வறண்டுவிடும். துருப்பிடித்த மறைகளை இளக்கும் 'ஸ்பிரே' டப்பாக்களில் பலவும் இத்தன்மையனவே. நீரை அகற்றவும் துருவை இளக்கவும் அவை உதவும். சங்கிலிக்கு நிலையான எண்ணெயாக அவற்றைக் கொள்ளலாகாது.

டிராக்டர், டீசல் எஞ்சின், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெயைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியுள்ளது. அது காசின்றிக் கிடைக்கிறது என்பதே அதன் ஒரே சிறப்பு. அதில் கரித்தூளும், எந்திரத்தில் தேய்ந்த உலோகத் துகளும், எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலப் பொருள்களும் கலந்திருக்கும். சங்கிலியைக் காக்க வேண்டிய எண்ணெயே அதை அரிக்கும் பொருளாகிவிடுகிறது. அது நெடுநாள் தோலில் பட்டு வருவது புற்றுநோய்க்கு இடமளிக்கக் கூடியது. நாள்தோறும் சங்கிலியைத் தொடும் தொழிலாளரின் கையும், பள்ளிப் பிள்ளையின் காலும் இதற்கு ஆளாகலாகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவுகள் குறித்த மத்திய அரசு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் சேர்க்கப்பட்டிருப்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். அதை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது குடிநீரைக் கெடுக்கும்.

ஏற்றவை

தையல் எந்திர எண்ணெய் மிக இளகியது. நன்றாக உள்ளே நுழையும். ஆனால் நீண்ட நாள் நில்லாது. புழுதி மிகுந்த கோடைக்காலத்தில், சிறிது சிறிதாக அடிக்கடி இடக்கூடியவர்களுக்கு இது பொருந்தும்.

20டபிள்யூ-40 எனக் குறிக்கப்பட்ட புதிய எஞ்சின் ஆயில் நம் கிராமங்களில் எளிதில் கிடைப்பது. நுழைவதற்கும் நிற்பதற்கும் இடைப்பட்ட தடிப்பம் உடையது. மிச்சத்தைத் துடைத்துவிடும் பழக்கம் இருந்தால், பொதுவான உபயோகத்திற்கு இதுவே போதுமானது. சைக்கிள் சங்கிலிக்கென்றே விற்கப்படும் எண்ணெய்களில், மழைக்கு ஏற்ற தடித்த வகையும் புழுதிக்கு ஏற்ற உலர் வகையும் உண்டு. அவை நல்லவையே, விலை சற்று அதிகம்.

மெழுகை உருக்கிச் சங்கிலியை அதில் தோய்க்கும் முறையும் உண்டு. மெழுகு உலர்ந்து நிற்பதால் புழுதி ஒட்டுவதில்லை. ஆனால் சங்கிலியைக் கழற்றி, பழைய எண்ணெய்ப் பசை முழுவதையும் நீக்கிய பின்னரே இதைச் செய்ய வேண்டும். தொடர்மழையில் சங்கிலி விரைவில் துருப்பிடிக்கும். மெழுகை நேரே நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தின் நடுவே வைத்துத்தான் உருக்க வேண்டும். கருத்தும் ஓய்வும் உள்ளவர்களுக்கே இம்முறை ஏற்றது.

நிலத்திற்கேற்ற தேர்வு

மண்ணறிந்து பயிரிடுவது போலவே, மண்ணறிந்து எண்ணெய் இடுவதும் வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலிலும், செம்மண் சாலைகளிலும் இளகிய எண்ணெயைக் குறைவாக இடுக. மிச்சத்தைக் கண்டிப்பாகத் துடைத்திடுக. காவிரிப் படுகையின் ஈர நிலத்தில் எஞ்சின் ஆயில் போன்ற சற்றுத் தடித்த எண்ணெய் நலம். கரிசல் நிலத்தில் மழைக்காலச் சேறு சங்கிலியில் அப்பிக்கொள்ளும்; அதைக் காயவிடாமல் கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் எண்ணெய் இடுக. நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் துரு விரைவில் பற்றும். அங்கே வெளித் தகடுகளிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது நல்லது.

இடும் முறை

முதலில் பழந்துணியாலும் தூரிகையாலும் சங்கிலியின் அழுக்கை நீக்குக. புதிய சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊற வைத்தல் கூடாது. தொழிற்சாலையில் உள்ளே இடப்பட்ட மசகு அதனால் வீணாகும்.

பின்னர், மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றிக்கொண்டே, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு வீதம், கீழ்ப்பக்கச் சங்கிலியின் உட்புறத்தில் விடுக. சங்கிலியில் ஏறத்தாழ 110 கண்ணிகள் உள்ளன. மில்லி லிட்டருக்கு 20 சொட்டு எனக் கொண்டால், ஒரு தடவைக்கு 5 அல்லது 6 மில்லி போதும். ஒரு லிட்டர் எண்ணெய் நூற்றைம்பது தடவைக்கு மேல் வரும் என்பதை நோக்கினால், செலவு அற்பம் என்பது விளங்கும்.

எண்ணெய் இட்டபின் மிதியை முப்பது சுற்றுச் சுற்றி, இயலுமாயின் இரவு முழுவதும் விட்டுவைத்து, காலையில் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் நன்கு துடைத்துவிடுக. இக்கடைசி வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். சக்கர விளிம்பின்மேல் ஒரு சொட்டும் படலாகாது. பட்டால் பிரேக் பிடிக்காது. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இரண்டு மூன்று வாரத்திற்கு ஒரு முறையும், மழையில் நனைந்த பின்னும் எண்ணெய் இடுவது முறையாகும்.

தேய்மானத்தை அளத்தல்

ஒரு கண்ணியின் நீளம் சரியாக 1/2 அங்குலம். ஆகவே 24 கண்ணிகள், முளையின் மையத்திலிருந்து மையம் வரை, 12 அங்குலம் இருக்க வேண்டும். சங்கிலியை இழுத்துப் பிடித்து அடிக்கோலால் அளந்தால் அதன் நிலை தெரியும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் புதிய சங்கிலிக்கு ஏற்பாடு செய்க. 1/8 அங்குலம் கூடும்வரை விட்டுவிட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கக்கூடும். அப்போது சங்கிலியுடன் அவற்றையும் மாற்ற நேரிடும். தேய்ந்த சங்கிலி, பாரத்துடன் மேட்டில் ஏறும்போது பல்லிலிருந்து நழுவி, ஓட்டுபவரைக் கீழே தள்ளவும் கூடும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

பஞ்சாயத்து வண்டிகளின் சங்கிலி நின்றால் அன்றைய தெருத் துப்புரவும் நின்றுபோகும். ஆதலின் ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு லிட்டர் புதிய எண்ணெய், ஒரு எண்ணெய்க் குப்பி, ஒரு தூரிகை, ஓர் அடிக்கோல் ஆகியவற்றை வைத்திருப்பது நன்று. மாதம் இரு நாட்களைக் குறித்து, வண்டிகளுக்கு எண்ணெய் இடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அதே நாளில் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் சைக்கிளைக் கொண்டு வந்து இம்முறையைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். ஒரு முறை கைப்படச் செய்து பார்த்த பிள்ளை அதை வீட்டிலும் தொடரும். துடைத்த துணிகளையும் வடித்த எண்ணெயையும் தனியே ஒரு டப்பாவில் சேர்த்து, பயன்படுத்திய எண்ணெயை முறைப்படி பெற்றுக்கொள்வோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

எண்ணெய் புதியதாக இருக்கட்டும். அளவு சொட்டாக இருக்கட்டும். உள்ளே இருக்க வேண்டியது உள்ளேயே இருக்கட்டும். வெளியே இருப்பதைத் துணி எடுத்துக்கொள்ளட்டும். இவ்வளவே நினைவிற் கொள்ள வேண்டியது. பொழுது விடியுமுன் பால் ஏற்றிச் செல்பவரும், மாலை இருட்டுமுன் பள்ளியிலிருந்து வீடு திரும்ப வேண்டிய பெண்ணும் வழியில் நின்றுவிடாமல் இருக்க, இந்தச் சிறு கவனம் பெரிதும் துணை செய்யும்.