கோண்டி மொழி: ஒலியும் எழுத்தும்

ஒரு மொழியின் ஒலி வேறு; அதனைக் குறிக்கும் வரிவடிவம் வேறு. ஒலி இயல்பாக வளர்வது. வரிவடிவமோ மனிதர் ஆக்கிக்கொள்வது. இதனைத் தெளிவாக உணர்த்துவது கோண்டி மொழியாகும். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் இத்திராவிட மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தனர்.

வரிவடிவங்கள்

கோண்டி மொழி இடத்திற்கேற்பத் தெலுங்கு எழுத்திலும் தேவநாகரியிலும் எழுதப்படுகிறது. 1940களில் ஐதராபாத் சமஸ்தானம் ஆதிலாபாத் மாவட்டத்துக் கோண்டுச் சிறுவர்க்கென வெளியிட்ட பாடநூல்கள் தேவநாகரியில் அமைந்தன.

இவையன்றித் தனி லிபிகள் இரண்டு உள்ளன. ஒன்று, பாலாகாட் பகுதியைச் சேர்ந்த முன்ஷி மங்கள் சிங் மசாராம் 1918இல் உருவாக்கியது. மற்றொன்று, ஆதிலாபாத் மாவட்டக் குஞ்ஜாலா சிற்றூரில் வழங்கியது. இதன் ஏடுகளை ஐதராபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெயதீர் திருமலராவின் குழுவினர் 2006இல் வெளிக்கொணர்ந்தனர். யூனிகோடு முறையில் முன்னது 2017இலும் பின்னது 2018இலும் இடம்பெற்றன.

குஞ்ஜாலா லிபியில் உயிரெழுத்து 10, மெய்யெழுத்து 30. நாகரியைப் போலக் ககரத்தில் தொடங்காமல், அதன் மெய்வரிசை ய, வ எனத் தொடங்குவது குறிப்பிடத்தக்கது.

ஒலிகள்

எண்ணுப்பெயர்கள் தமிழுறவை விளக்கும். இரண்டு ‘ரண்ட்’ எனவும், மூன்று ‘மூந்த்’ எனவும், நான்கு ‘நாலுங்’ எனவும் வழங்கும். ஏழைக் குறிக்கும் சொல்லில், தமிழ் ழகரம் நிற்குமிடத்தில், நுனிநாவை மடித்து வருடி எழுப்பும் டகரச் சாயலொலி வருகிறது.

‘கல்’ என்பதன் ககரமும் ‘தங்கம்’ என்பதன் ககரமும் தமிழில் ஒரே எழுத்து. கோண்டியிலோ இவை பொருள் வேற்றுமை தரும் இரு தனி ஒலிகள். தேவநாகரி இவற்றைப் பிரித்துக் காட்டும். ஆனால் அதன் வழக்கமான அமைப்பில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனி எழுத்து இல்லை. குஞ்ஜாலா லிபியிலும் எ, ஏ இரண்டிற்கும் ஓரெழுத்தே. ஒ, ஓ இரண்டிற்கும் அவ்வாறே. தெலுங்கு எழுத்து இவ்விரு வேறுபாடுகளையும் காட்டவல்லது. ஆயினும் தமக்கெனத் தனி லிபி வேண்டும் என்னும் மக்களின் விருப்பத்தை ஒலிக்கணக்கு ஒன்றே தீர்த்துவிடாது.

ஆசிரியர் கடைப்பிடிக்கத் தக்கவை

1. முதலில் சிறுவர் பேசுவதைச் செவிகொடுத்துக் கேட்டு, அவர்கள் வேறுபடுத்தும் ஒலிகளைப் பட்டியலிடுக.

2. தமிழெழுத்தில் குறிப்பெடுப்போர், ககரத்தின் இரு ஒலிகளையும் பிரித்துக் காட்ட அடிக்கோடு போன்ற ஓர் அடையாளத்தை மேற்கொள்க.

3. குறில் நெடில்களை எழுத்தைக் கொண்டு ஊகிக்காமல், சொல்லைச் சொல்லச் செய்து உறுதிசெய்க.

எழுத்திலுள்ள குறை குழந்தையின் உச்சரிப்புப் பிழையாகக் கொள்ளப்படின், சரியாகப் பேசும் குழந்தையே தண்டிக்கப்படும். அக்குழந்தை தன் தாய்மொழியைப் பேசவே நாணும். ஆகவே, ஒலியை அறிந்த பின்னரே எழுத்தைத் திருத்த முற்படுதல் வேண்டும்.