யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

வேலூர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸில் சேர்ந்த மூன்றாம் வாரமே இண்டர்காமை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். எட்டு எக்ஸ்டென்ஷன் கூடுதலாகப் போட வேண்டும், ரிசப்ஷன் போனுக்குப் பக்கத்தில் ஒரு கன்சோல் வைக்க வேண்டும், எட்டில் இரண்டு பின்பக்க டேனரிக்குப் போக வேண்டும். சரிதானே? “போர்டுல இடம் காலியா கிடக்கு, வயரை இழுத்தா முடிஞ்சது” என்று யாரோ உனக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் இதே வேலையாக ஏணி தூக்கி அலைந்தவன் சொல்கிறேன்: முதல் இரண்டு நாள் வயரைத் தொடாதே. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ரிசப்ஷனில் போய் உட்கார்.

ஏன் என்று கேட்பாய். நான் முதன்முதலில் கன்சோல் வைத்தது ஒரு தோல் கம்பெனியில், பெயர் வேண்டாம். பட்டன்களை 101, 102, 103 என்று வரிசையாக அழகாக அமைத்து, டைப் அடித்த பெயர்ச்சீட்டும் செருகிவிட்டு, பெருமையாக வந்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் போனால், ஆபரேட்டர் அக்கா என் சீட்டுகளின் மேல் நெயில் பாலிஷால் சிவப்பும் ரோஸுமாகப் புள்ளி வைத்திருந்தார். விசாரித்தேன். சென்னைப் பெரியமேடு ஆபீஸிலிருந்து போன் வந்தால் ஷிப்பிங் கேட்பார்கள், ஷிப்பிங்கில் ஆள் இல்லாவிட்டால் பேக்கிங், அங்கும் இல்லாவிட்டால் குடோன். இந்த மூன்றும் என் வரிசைப்படி 104, 117, 122. பலகையின் மூன்று மூலையில் மூன்று பட்டன்! ஒவ்வொரு தடவையும் அவர் விரல் அலைந்து தேட வேண்டியிருந்தது. “நம்பர் உனக்குத்தாம்பா வரிசை, எனக்கு ஆள்தான் வரிசை” என்றார். அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எல்லாப் பட்டனையும் மாற்றி எழுதினேன்.

அதனால்தான் நோட்டு. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எத்தனை தடவை, ஆள் எடுக்காவிட்டால் அடுத்து எங்கே போகிறது என்று இரண்டு நாள் கோடு போட்டு எண்ணு. கட்டிங்குக்கும் லெதர் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு நாளில் எத்தனை அழைப்பு என்று பார்த்தால் நீயே அசந்துவிடுவாய். எம்.டி. அறைக்கு வருவது அதில் பாதிகூட இருக்காது. ஆனால் எல்லாக் கம்பெனியிலும் முதல் பட்டன் எம்.டி.க்குத்தான், அதை மட்டும் மாற்றாதே, வேலை போய்விடும்.

இந்த இண்டர்காம் பெட்டிகள் நம் ஊருக்கு வந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள். 1984 ஆகஸ்டில் மத்திய அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி மையத்தை ஆரம்பித்தது. சாம் பிட்ரோடா அதற்குப் பின்னால் நின்றார். அவர்கள் வடிவமைத்த 128 போர்ட் எலக்ட்ரானிக் பெட்டியிலிருந்துதான் ஆபீஸ்களுக்கான பி.பி.எக்ஸும், கிராமத்துக்கான தானியங்கி எக்ஸ்சேஞ்சும் பிறந்தன. கிராம எக்ஸ்சேஞ்சில் முதலாவது 1986இல் கர்நாடகத்துக் கிட்டூரில் ஓடத் தொடங்கியது. அந்த வடிவமைப்பை உரிமம் கொடுத்துப் பல இந்தியக் கம்பெனிகளைச் செய்யவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் பக்கத்து டேனரிகளில்கூட, கயிற்று பிளக்கைக் குத்திப் பிடுங்கும் மரப் பலகை போய், சுவரில் மாட்டும் பெட்டி வந்தது.

உன் கம்பெனியில் இருப்பது பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ் 824 என்றாய். நல்ல பெட்டி. வாங்கும்போது 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன். கார்டு செருகிக்கொண்டே போனால் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை வளரும். பானசோனிக் 2022இல் இந்தத் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்துவிட்டது. ஆகவே எட்டு எக்ஸ்டென்ஷன் கார்டைத் தேடும்போது, நன்றாக ஓடுகிற பழைய கார்டு ஒன்றையும் சேர்த்து வாங்கி வை. கார்டு செருகுமுன் பவரை அணை. பெட்டியின் எர்த்தை ஒரு கையால் தொட்டுவிட்டு மற்றக் கையில் கார்டை எடு. சட்டையில் உரசிய கரண்ட் ஒரு ஐ.சி.யைக் கொல்லப் போதும்.

இனி கன்சோல். இதில்தான் புதிய ஆட்கள் விழுகிறார்கள். கன்சோலைத் தனி போன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதில் ரிசீவர் கிடையாது, பேச முடியாது. அது பக்கத்திலிருக்கும் ரிசப்ஷன் கீ போனின் நீட்டிய கை. உங்கள் பெட்டிக்குப் பொருந்துகிற கேஎக்ஸ்-டி7740இல் 32 எக்ஸ்டென்ஷன் பட்டன் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. அந்த எக்ஸ்டென்ஷன் பேச்சில் இருந்தால் விளக்கு எரியும். அணைந்திருந்தால் ஆள் ஃப்ரீ. ஆபரேட்டர் நம்பர் அடிக்க வேண்டியதில்லை, ஒரு தட்டில் கால் மாறிவிடும்.

கன்சோலுக்கும் பெட்டியில் தனியாக ஒரு போர்ட் வேண்டும். 24 போர்ட்டையும் போனுக்கே கொடுத்துவிட்டுக் கடைசியில் கன்சோலைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்காதே. வயரை இணைத்தால் மட்டும் போதாது: எந்த போர்ட்டில் கன்சோல் இருக்கிறது, அது எந்தக் கீ போனோடு ஜோடி என்று இரண்டையும் புரோகிராமில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரு விளக்கும் எரியாது. “பீஸ் டெட்” என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவாய். (நான் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.) புரோகிராம் எழுத 01 ஜாக்கில் கீ போன் இருக்க வேண்டும். ஆனால் கரண்டும் யூ.பி.எஸ்ஸும் போனால், முதல் வெளி லைன் நேராக அதே 01 ஜாக்கின் சாதாரண போனுக்குத்தான் மாறும், கீ போன் அப்போது ஊமை. அதனால் அங்கே ஒரு சாதாரண போனையும் பேரலலாகத் தொங்கவிடு. நம் ஊரில் அது தேவைப்படும் நாள் வரும்.

சாதாரண எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு கம்பி. கீ போனுக்கும் கன்சோலுக்கும் நான்கு ஊசியையும் பார்: கீ போனில் நடு இரண்டு பேச்சுக்கு, வெளி இரண்டு டேட்டாவுக்கு. கேபிளில் நிற வரிசையை மனப்பாடம் செய். வெள்ளையோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், கிரே. பிறகு சிவப்போடு அதே ஐந்து. பிறகு கறுப்பு, மஞ்சள். இருபது ஜோடி முடிந்தது. கிரோன் மாடியூலில் கம்பியின் தோலைச் சீவாதே, அப்படியே வைத்துக் கிரோன் டூலால் அடி. அதுவே தோலைக் கிழித்துப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் வெட்டிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் குத்துகிறவனைப் பார்த்தால் அந்த மாடியூலை மாற்றியே ஆக வேண்டும் என்று எழுதி வை.

மீட்டரில் பார்: ரிசீவர் வைத்திருக்கும்போது லைனில் 48 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும்; பெட்டியைப் பொறுத்துக் குறையலாம். எடுத்தால் சில வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பெல் அடிக்கும்போது கம்பியைத் தொட்டால் 75 வோல்ட் ஏ.சி. சுள்ளென்று இழுக்கும். உயிர் போகாது, ஏணியிலிருந்து விழுவாய், அதுதான் ஆபத்து. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போய்வருகிற ஒரு கிலோமீட்டருக்கு 175 ஓம் அளவு தடை. சாதாரண போனுக்கு அது பொருட்டில்லை. கீ போனுக்கும் கன்சோலுக்கும் தூரம் மிகக் குறைவு, சில நூறு மீட்டரில் நின்றுவிடும். கையேட்டின் அட்டவணையைப் பார்க்காமல் டேனரி சூப்பர்வைசருக்குக் கீ போன் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதே.

டேனரி பக்கம் போகும்போது இதுவரை சொன்னதெல்லாம் பாதிப் படிப்புதான். தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். சுண்ணாம்பின் காரம் இருக்கும்வரை சல்ஃபைடு தண்ணீரிலேயே அடங்கிக் கிடக்கும். அடுத்த கட்டத்தில் சுண்ணாம்பைக் கழுவிக் காரத்தைக் குறைத்ததும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயு செம்பைப் பிடித்தால் செம்பு கறுத்துப்போகும். வெட் செக்‌ஷன் சுவரில் திறந்த ரோசட் பெட்டியில் ஸ்க்ரூ முறுக்கிப் போட்ட இணைப்பு சில மாதத்தில் கரி பூசினதுபோல் ஆகிவிடும். முதலில் கரகரப்பு, பிறகு பெல் அடித்ததும் அறுந்துவிடுதல், பிறகு ஒன்றுமில்லை. போனை மாற்றுவார்கள், கார்டை மாற்றுவார்கள், கடைசியில்தான் ரோசட்டைத் திறப்பார்கள். உப்புக்கட்டிய பச்சைத்தோல் குடோனில் இதே கதை, அங்கே உப்புத் தூள் ஈரத்தை இழுத்துத் தருகிறது.

என் வழி இது. வெட் செக்‌ஷனுக்குள் இணைப்பே வைக்காதே. கேபிளை வறண்ட பக்கத்தின் அறைவரைக்கும் ஒரே துண்டாகக் கொண்டுபோ. உள்ளே இணைத்தே தீர வேண்டுமானால் ஜெல் நிரப்பிய கனெக்டரில் கம்பியைச் சீவாமல் அழுத்தி, ரப்பர் வைத்து மூடும் பெட்டிக்குள் வை. வெளியே மண்ணில் போவதற்கு ஜெல்லி கேபிள். அந்தப் பசை கையில் ஒட்டினால் சோப்பு ஒன்றும் செய்யாது, மண்ணெண்ணெய்த் துணிதான். டிரம் ஓடும் இடத்தில் போன் பெல் கேட்காது, தனியாகச் சத்தமான பெல்லோ சுழலும் விளக்கோ வேண்டும். டிரம் மோட்டாரின் 415 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் போன் கேபிளை விடாதே. ஓர் அடியாவது தள்ளி வை. குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகத் தாண்டு. இல்லாவிட்டால் ஜெர்மனியிலிருந்து வாங்குபவர் பேசும்போது பின்னால் டிரம் பாடும். இன்னொன்று: கேபிளைத் தேடிக்கொண்டு கழிவுக் குழியிலோ மேன்ஹோலிலோ இறங்காதே. அந்தச் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கும்போதுதான் ஆள் விழுவான். யார் சொன்னாலும் இறங்காதே.

இடி இன்னொரு எதிரி. ஆவணி, புரட்டாசி மாலைகளில் ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆகாயத்தில் தொங்கும் வயர் இடியை நேராகக் கார்டுக்குள் கொண்டுவரும். வெளி லைன்களுக்கும் டேனரி ஜோடிகளுக்கும் அரெஸ்டர் போடு. அது எர்த் இல்லாமல் வெறும் அலங்காரம். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டதோடு மறந்துவிடுவார்கள், கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பணம் ஒதுக்கினால் இரண்டு கட்டிடத்துக்கு நடுவில் ஃபைபர் போட்டு, டேனரியில் ஐ.பி. போன் வைக்கலாம், கண்ணாடியில் இடியும் ஏறாது, சல்ஃபைடும் கடிக்காது. ஐ.பி. போனுக்கும் பக்கவாட்டில் ஒட்டும் கன்சோல் உண்டு. ஸ்விட்ச் தரும் கரண்ட் இரண்டுக்கும் போதுமா என்று பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

கடைசியாகப் புரோகிராமில் ஒரு கண்ணி. எஸ்.டி.டி. பில் பயத்தில் ஷாப் ஃப்ளோர் போன்களில் 0 போகாமல் பூட்டுவது பழைய வழக்கம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்க முன்னால் 0 போட்டாக வேண்டும். அன்று காலை எத்தனை கம்பெனியிலிருந்து “மொபைல் போகலை” என்று எனக்குப் போன் வந்தது தெரியுமா! பூட்டு மொபைலையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. 0-க்குப் பின் 6, 7, 8, 9 வந்தால் விடு என்று எழுதினேன். மொபைல் போனது, கூடவே பெங்களூர் 080-உம் போனது. 080-ஐத் தனியாகப் பூட்டினேன். பிறகு ஒரு முதலாளி, பெங்களூர் வாங்குபவரோடு கட்டிங் மாஸ்டரே பேச வேண்டும் என்றார். எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்தப் பூட்டு என்பதையும் உன் நோட்டில் எழுதவேண்டியிருக்கிறது, பார்த்தாயா? சென்னை 044 யாருக்கு, வேலூர் 0416 யாருக்கு, ராணிப்பேட்டை 04172 யாருக்கு என்று அந்தந்த செக்‌ஷனில் கேட்டே எழுது, எச்.ஆர். தரும் பட்டியலை நம்பாதே.

வேலையை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். செக்யூரிட்டி கேட் போனும் பாய்லர் ரூம் போனும் கடைசியாக அணைந்து முதலில் உயிர்வர வேண்டும். கன்சோல் சீட்டுகளை டைப் அடிக்காதே, முதல் மாதம் பென்சிலில் எழுதிச் செருகு. ரிசப்ஷனில் இருக்கும் அம்மாவிடம் ஒரு அழிப்பானையும் கொடுத்துவிட்டு வா. நோட்டின் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பு, சுவரில் துளை போடுமுன் நான் ஒரு தடவை பார்க்கிறேன்.

உன் மாமா